கொளஞ்சியம்மாள் எங்கும் ஓடவில்லை

வாரண்ட் என்று காதில் விழுந்த மாத்திரத்தில் நம் ஜனங்கள் செய்கிற முதல் காரியம் மன்னிப்புக் கேட்பது. யார் செய்த தப்பு, என்ன தப்பு, ஒன்றும் யோசிக்க மாட்டார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தெரியாம நடந்துபோச்சுங்கய்யா" என்று ஒரு கும்பிடு. நீதிபதி நாலு வார்த்தை திட்டிவிட்டு வாரண்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். அரியலூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த நாளிலிருந்து இதைத்தான் பார்த்து வருகிறேன். எனக்கு வீடு வாலிகண்டபுரத்தில். காலையில் கிளம்பிப் பெரம்பலூரில் பஸ் மாறி வந்து சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை இந்தக் கும்பிடு போடுகிற கூட்டம் வாங்கிவிடும். அய்யம்பெருமாள் என்றாலே எரிந்து விழுகிறவன் என்று கோர்ட் வாசலில் பெயர். விழாமல் என்ன செய்வது?

அப்படிப்பட்ட என்னை வாயடைக்க வைத்தவர் கொளஞ்சியம்மாள். பிரசங்கம் செய்து அடைக்கவில்லை. "நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அவர் பிறந்தது பெரம்பலூர் பக்கம் ரஞ்சன்குடி. கோட்டை மேட்டில் ஆடு ஓட்டிக்கொண்டு திரிந்ததில் படிப்பு ஐந்தாவதோடு நின்றது, தொண்டை மட்டும் நன்றாக வளர்ந்தது. கோட்டையின் இந்த மூலையிலிருந்து கூப்பிட்டால் அந்த மூலையில் மேய்கிற ஆடு திரும்பிப் பார்க்குமாம். அவரே பெருமையாகச் சொல்வார். கட்டிக்கொடுத்தது அரியலூர்ச் சீமையில், கீழப்பழுவூரில் இறங்கி மினி பஸ் பிடித்துப் போகிற ஓர் ஊரில். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கு எனக்கே ஒரு சம்மன் வரும்.

புருஷன் குழந்தைவேல் தங்கமான மனுஷன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தே காலம் தள்ளுகிறவர். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிற பொறுப்பு கல்யாணத்தன்றே கொளஞ்சியம்மாள் தலையில் விழுந்தது. மானாவாரி நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுவார்கள். ஊரில் யார் காட்டுக்குக் களை வெட்ட வேண்டுமானாலும் பெண்களைத் திரட்டிக் கூட்டிப்போவது கொளஞ்சியம்மாள்தான். காலையில் தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுப்பார். களைக்கொத்தும் தூக்குவாளியுமாக ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள்.

அந்த ஊர் நிறுத்தத்தில் டவுன் பஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஊர்ப் பெரிய மனிதர்கள் மனு மேல் மனு கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் கொளஞ்சியம்மாள் புல்லுக்கட்டைத் தலையில் வைத்தபடி நடுரோட்டில் போய் நின்றுகொண்டார். டிரைவர் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார்.

"காது நல்லாத்தான் கேக்குது தம்பி. வண்டி நின்னுட்டுல்ல, அப்படியே ஆளை ஏத்திக்க" என்றாராம்.

அன்றிலிருந்து பஸ் நிற்கிறது. அந்த டிரைவர் இப்போதும் அவரைக் கண்டால் "அத்தை, ஏறுங்க" என்று தானே கதவுப் பக்கம் கையைக் காட்டுகிறார்.

பஸ்ஸை நிறுத்தினவருக்கு லாரியை நிறுத்துகிற நாளும் வந்தது. எங்கள் மாவட்டத்தில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், மண்ணுக்கு மேலே லாரி. சுரங்கத்திலிருந்து கல் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வழியாகப் பிசாசு வேகத்தில் பறப்பார்கள். பக்கத்து வீட்டு வேணி என்கிற பெண் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு லாரி இடித்துக் காலை முறித்துவிட்டுப் போனது. மறுநாள் காலை ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் கொளஞ்சியம்மாள். சாயங்காலம் அதிகாரிகள் வந்து, பள்ளிக்கூட நேரத்தில் இனி லாரி வராது என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள். அந்த வாக்கு இன்றுவரை காப்பாற்றப்படுகிறது. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மறியல் என்றால் வழக்கு என்று ஒன்று உண்டல்லவா. வழியை மறித்தது, கூடக் கூடாதபடி கூடியது என்று ஒரு வழக்குப் பதிவானது. உட்கார்ந்திருந்தவர்களில் போலீசுக்குப் பெயர் தெரிந்த ஒரே ஆள் கொளஞ்சியம்மாள். அதனால் அவர் பெயர் மட்டும் முழுசாக ஏறியது. மற்றவர்கள் எல்லாம் 'மற்றும் பலர்' ஆனார்கள். வழக்கு விஷயம் அவருக்கும் தெரியாது, அந்த மற்றும் பலருக்கும் தெரியாது. எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன ஐப்பசியில் ஒரு நாள் பருத்திக் காட்டில் களை வெட்டு நடந்துகொண்டிருந்தது. வரப்போரம் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் மேகலா என்கிற சப் இன்ஸ்பெக்டர். அந்த ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்தவர்.

"கொளஞ்சியம்மாங்கிறது யாருங்க?"

"நாந்தான். சொல்லுங்க."

"உங்க மேல வாரண்ட் இருக்கும்மா. அந்த ரோடு மறியல் கேஸு. கோர்ட்டுக்கு வராம தலைமறைவாயிட்டீங்கன்னு ரிப்போர்ட் போயிருக்கு. ஜாமீன்ல விட முடியாத வாரண்ட். உங்களை நான் கைது பண்ணியாகணும்."

"யாரு தலைமறைவு? இந்தப் பருத்திக்குள்ள தலை எங்கங்க மறையுது? முழங்கால் உசரம்கூட வரலயே."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மேகலாவுக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். நல்ல மனசுக்காரர். சுற்றி நின்ற பெண்களையும் கையில் களைக்கொத்தோடு நின்ற கொளஞ்சியம்மாளையும் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில கோர்ட்டு தொறக்கும்போது நீங்களே வந்து ஆஜராயிடுங்க. வரலேன்னா நான் வந்து ஜீப்ல ஏத்தறது தவிர வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பு அந்தக் காட்டோடு முடிந்தது. ஊருக்குள் செய்தி வேறு உருவத்தில் போய்ச் சேர்ந்தது. கோர்ட் பாஷையில் தலைமறைவு என்றால் அது ஒரு சொல், அவ்வளவுதான். ஊர்ப் பேச்சில் ஒரு பெண்ணைப் பற்றி அதைச் சொன்னால், ஓடிப்போய்விட்டாள் என்று அர்த்தம். குழாயடியில் ஒருத்தி, "ஊரையெல்லாம் ரோட்ல உக்கார வச்சிட்டு இவ மட்டும் ஓடிட்டாளாமே" என்றாள். ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் தமிழ்மொழி போன் போட்டு அழுதாள். "எங்க மாமியா கேக்குறாங்கம்மா, உங்கம்மா போலீசுக்குப் பயந்து ஓடிட்டாங்களாமேன்னு. நான் என்னன்னு பதில் சொல்றது?" கைது என்று சொன்னபோது கலங்காத கொளஞ்சியம்மாளுக்கு அந்தப் போன்தான் நெஞ்சில் தைத்தது.

மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். குழந்தைவேல் கையில் ஒரு பை. உள்ளே மாற்றுப் புடவை, சோப்பு, பல்பொடி. பெண்டாட்டியை ஜெயிலுக்கே வழியனுப்பத் தயாராக வந்திருந்தார் மனுஷன். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. அய்யா முன்னாடி நின்னு, 'தெரியாம வராம இருந்துட்டேன், மன்னிச்சிருங்க'ன்னு ஒரு கும்பிடு போடுங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வூட்டுக்குப் போயிரலாம்."

"நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

"கோர்ட்டுக்கு வரலயே நீங்க."

"என்னை யாரு கூப்புட்டா வர்றதுக்கு? ஒரு கல்யாணத்துக்குக்கூடப் பத்திரிகை வச்சாத்தான் போறோம். கோர்ட்டுக்குக் கூப்புடாமயே வருவாங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எதையோ தேடுகிற மாதிரி மேசை டிராயரை இழுத்தேன். உள்ளேயிருந்து எங்கள் வக்கீல் ஆனி ரோஸ் சிரித்தது கேட்டது. வரதராசன்பேட்டைப் பெண். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் கேஸ் கட்டைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்தால் ஒரு காற்புள்ளியையும் விட மாட்டார். அவர் கோர்ட் ஆபீசுக்குப் போய்ப் போலீஸ் கொடுத்திருந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்த விஷயம் இதுதான்: சம்மனோடு ஏட்டு நேரில் போனார். வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் 'எதிரி', அதாவது கொளஞ்சியம்மாள், ஊரை விட்டு வெளியேறித் தலைமறைவாகிவிட்டது தெரியவந்தது. இதை நம்பித்தான் கோர்ட் பிடியாணை போட்டிருக்கிறது.

"என்னைக்குப் போனாராம்?" என்று கொளஞ்சியம்மாள் கேட்டார்.

ஆனி ரோஸ் தேதியைச் சொன்னார். கொளஞ்சியம்மாளுக்கு இங்கிலீஷ் தேதி பிடிபடவில்லை. பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தைவேல்தான் மெல்ல வாயைத் திறந்தார்.

"சித்திரை கடைசி வெள்ளிங்க அது. நம்ம மாரியாயி தேர் அன்னிக்கு."

"அப்ப காப்பு கட்டியிருந்தேன்ல நான்?" என்று கொளஞ்சியம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "பால்கொடம் எடுத்தேனே. காப்பு கட்டின கையோட நான் எங்க போயிருவேன்?"

ஆனி ரோஸுக்கு இது புரியவில்லை. "எங்க ஊர்ல மாதா தேர் உண்டு. காப்பு கிடையாது. கொஞ்சம் வெவரமா சொல்லுங்கம்மா" என்றார்.

அவருக்கு விளக்கியது நான்தான். திருவிழா தொடங்கும்போது மஞ்சள் நூலில் வேப்பிலை வைத்து மணிக்கட்டில் கட்டுவார்கள். அதுதான் காப்பு. கட்டிவிட்டால், திருவிழா முடிந்து அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கல் கூடாது. வேலைக்கு வெளியூர் போனவர்கள்கூடப் பொழுது சாய்வதற்குள் ஓடி வந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் திருடனும் மதிக்கிற சட்டம் அது.

ஆனி ரோஸ் கேட்டதைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அம்மா, நல்லா கேட்டுக்குங்க. மன்னிப்புக் கேட்டா இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனா ஓடிப்போனது உண்மைன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இல்ல, வாரண்டே செல்லாதுன்னு வாதாடலாம். அதுல தோத்துட்டா அய்யா உங்களை ரிமாண்ட் பண்ணலாம். திருச்சி பெண்கள் ஜெயிலுக்குத்தான் போகணும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

குழந்தைவேல் பெண்டாட்டியின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "ஒரு கும்பிடுதானே புள்ள. போட்டுட்டு வந்துரு."

"நீங்க சும்மா இருங்க. போட்டா எம்மவ ஆயுசுக்கும் தலைகுனிஞ்சு நிக்கணும்" என்றார் கொளஞ்சியம்மாள். பிறகு வக்கீலைப் பார்த்து, "வாதாடுங்கம்மா. ஜெயில்னாலும் பரவால்ல" என்றார். சொல்லும்போது மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். நான் பார்த்தேன். பயம் இல்லாதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்துகொண்டேதான் சொன்னார்.

கோர்ட் கூடியது. எதிரி சரண் அடைந்தார் என்று எழுதிக்கொண்டு கொளஞ்சியம்மாளை ஓரமாக நிறுத்தினார்கள். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் வந்து நின்றார். ஆனி ரோஸ் மனுவைக் கொடுத்தார். மன்னித்து வாரண்டைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்காமல், அன்று காப்பு கட்டி ஊரிலேயே இருந்தவருக்குச் சம்மன் தரப்படாததால் இந்த வாரண்டே செல்லாது, ரத்து செய்யுங்கள் என்று கேட்கிற மனு. நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

அரசு வக்கீல் எழுந்தார். "அய்யா, இப்படி ஒவ்வொருத்தரும் போலீஸ் ரிப்போர்ட்டைச் சந்தேகப்பட ஆரம்பிச்சா கோர்ட்டு நடத்த முடியாது. மறியல் பண்ணி ஊரைக் கூட்டினவங்க இவங்க. ரிமாண்ட் பண்ணிட்டு அப்புறம் மனுவை விசாரிக்கலாம்."

நீதிபதி யோசிக்கிற மாதிரி இருந்தது. பெண் போலீஸ் இன்னும் ஓர் அடி நெருங்கி நின்றார். வாசலில் நின்ற குழந்தைவேல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார். கும்பிடு போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டுமோ என்றுகூட எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

ஆனி ரோஸ் குரலை உயர்த்தவில்லை. "அய்யா, சம்மன் கொண்டுபோன ஏட்டு ராஜராஜன் இன்னைக்குக் கோர்ட் டியூட்டியில வெளியிலதான் நிக்கிறார். கூண்டுல ஏத்தி ரெண்டு கேள்வி கேக்க அனுமதி குடுங்க. அப்புறமும் இவங்க ஓடிப்போனதா அய்யா நெனைச்சா, நான் மறுவார்த்தை பேசல."

நீதிபதி அனுமதித்தார். ஏட்டு ராஜராஜன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூண்டில் ஏறினார். தினமும் என்னோடு டீ குடிக்கிறவர். கெட்டவர் இல்லை. உடையார்பாளையம் பக்கத்துக்காரர், குடும்பஸ்தர். உண்மையே சொல்வதாகப் பிரமாணம் எடுத்தார்.

"அன்னைக்கு அந்த ஊருக்கு நேர்ல போனீங்களா?" என்று ஆனி ரோஸ் கேட்டார்.

"போனேங்க."

"சம்மன் குடுக்கறதுக்கு மட்டும் போனீங்களா?"

"இல்லைங்க. தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்குப் போட்டிருந்தாங்க. அதோட இதையும் பாத்துடலாம்னு போனேன்."

"எதிரி வீடு பூட்டியிருந்துச்சா?"

"பூட்டித்தாங்க இருந்துச்சு." இந்தப் பதிலைத் தெம்பாகச் சொன்னார். அது உண்மையும்கூட.

"அக்கம்பக்கத்து வீடு?"

"அதுவும் பூட்டியிருந்துச்சு. அன்னைக்கு ஊர்ல எந்த வூடும் தொறந்திருக்காதுங்க. சனம் முச்சூடும் கோயில்லதான் இருக்கும்."

"எல்லா வீடும் பூட்டியிருந்தா, அக்கம்பக்கத்துல யாரை விசாரிச்சீங்க?"

ஏட்டு தொப்பியைக் கை மாற்றிப் பிடித்தார். "கோயில்கிட்ட நின்ன சனங்களை விசாரிச்சேங்க."

"ஊரை விட்டுப் போயிட்டாங்கன்னு அவங்க சொன்னாங்களா?"

"ஆமாங்க."

"சரி. உங்க ஊர்லயும் மாரியம்மனுக்குக் காப்பு கட்டுவாங்களா?"

"கட்டுவாங்க."

"நீங்க கட்டியிருக்கீங்களா?"

"வருஷா வருஷம் கட்டுவேங்க."

"காப்பு கட்டின ஒருத்தர் ஊரை விட்டு வெளியேறிப் போயி வேற ஊர்ல தங்கலாமா?"

"அதெப்படிங்க தங்க முடியும்?" என்றார் ஏட்டு. சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

அரசு வக்கீல் பாய்ந்து எழுந்தார். "இந்தம்மா காப்பு கட்டினாங்கன்னு யாரு பாத்தது?"

கொளஞ்சியம்மாளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அவரே பாத்தாருங்க" என்றார். கோர்ட்டே திரும்பியது. "ஏட்டையா, வெயில்ல வேர்த்து விறுவிறுத்து நின்னீங்களே. பாவமா இருக்கேன்னு கூப்புட்டு நீர்மோர் குடுத்தேனே. ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சிட்டு, 'நல்லா இருங்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போனீங்கல்ல?"

"நீங்க பேசக் கூடாது. உங்களை யாரும் கேக்கல" என்று நீதிபதி அதட்டினார். கொளஞ்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏட்டுப் பக்கம் திரும்பினார்.

"மோர் குடிச்சீங்களா?"

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மோர் ஊற்றியதற்கு யாராவது ரசீது கொடுப்பார்களா? ஆனால் அவர் சொல்லவில்லை. வருஷா வருஷம் காப்பு கட்டுகிற கை கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்தது.

"குடிச்சேங்கய்யா."

"குடுத்தது இவங்கதானா?"

"இவங்கதாங்கய்யா."

"குடுத்த கையில காப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்கய்யா."

"அப்ப மோர் வாங்கின கையாலயே சம்மனைக் குடுத்திருக்கலாமே. உங்க சட்டைப் பையிலதானே இருந்திருக்கு?"

ஏட்டு சொன்னார்: "காப்பு கட்டி நோம்பு இருக்கற கையில கேஸு காயிதத்தைக் குடுக்க மனசு வரலைங்கய்யா. ஊர்லயும் தப்பா எடுத்துக்குவாங்க. திருவிழா முடியட்டும், பொறவு வந்து குடுத்துக்கலாம்னு விட்டுட்டேன். பொறவு மறந்துட்டுங்க. வாய்தா நெருங்கினதும் என்ன எழுதறதுன்னு தெரியாம, வழக்கமா எழுதறதை எழுதிட்டேன்."

கோர்ட்டில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாருங்கள், கொடுக்காமல் விட்டது கையில் இருந்த காப்புக்குக் காட்டிய மரியாதை. அது எனக்குப் புரிகிறது, நானாக இருந்தாலும் தயங்கியிருப்பேன். ஆனால் அந்த மரியாதைக்குரிய பெண்ணை அடுத்த மாசமே ஓடிப்போனவள் என்று எழுதக் கை எப்படி வந்தது? வழக்கமாக எழுதுவதாம். எத்தனை பேரை இப்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓட வைத்திருப்பார்கள்?

நீதிபதியும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். முகம் இறுகியிருந்தது. ஏட்டின் மேல் என்ன நடவடிக்கை என்று மேலதிகாரியிடம் விளக்கம் கேட்டு உத்தரவு போட்டார். பிறகு வாரண்ட் விஷயத்தில் உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். இங்கிலீஷில் மளமளவென்று போனது. கொளஞ்சியம்மாள் ஆனி ரோஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனி ரோஸின் முகம் மலர்ந்ததைப் பார்த்து விஷயத்தை ஊகித்திருக்க வேண்டும். பெண் போலீஸும் விலகி நின்றுகொண்டார்.

"வாரண்ட் ரத்து. நீங்க போகலாம்மா" என்று நீதிபதி தமிழில் சொன்னார்.

கொளஞ்சியம்மாள் அசையவில்லை. "அய்யா, இப்பவாச்சும் பேசலாங்களா?"

"சொல்லுங்க."

"ரத்துன்னா விட்டுட்டாங்கன்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. மன்னிச்சு விட்டாங்கன்னு பேசிக்குவாங்க. நான் ஓடலன்னு அதுல ஒரு வார்த்தை எழுதிருங்கய்யா. எம்மவ மாமியா வூட்ல படிச்சுக் காட்டணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஜீப்பைப் பார்த்தும் ஜெயில் என்று கேட்டும் அழாத மனுஷி, ஜெயித்த பிறகு அழுதார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கத் துடைக்க வழிந்தது. எனக்கும் கண்ணைக் கரித்தது. ஏன் மறைக்க வேண்டும்?

அரசு வக்கீல் ஆட்சேபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து, "எனக்கு ஆட்சேபணை இல்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நல்லவேளை. நீதிபதி தட்டச்சரைப் பார்த்து, கடைசி வாக்கியத்தைத் தமிழிலேயே அடிக்கச் சொன்னார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எதிரி தலைமறைவாகவில்லை. சம்மன் அவரிடம் கொடுக்கப்படவே இல்லை. சம்பந்தப்பட்ட நாளில் அவர் தம் ஊரில், ஊரார் அனைவர் முன்னிலையிலும் இருந்தார்."

குழந்தைவேல் வாசலில் நின்றபடி அந்த வாக்கியத்தை வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு நீளமாக அவர் உதடு அசைந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ரத்தானது வாரண்ட்தானே, மறியல் வழக்கு அப்படியே இருந்தது. நீதிபதி ஏட்டைக் கூப்பிட்டு, "அந்தச் சம்மனை இப்ப குடுங்க, என் கண்ணு முன்னாடி" என்றார். ஏட்டு கொண்டுவந்து நீட்டினார். கொளஞ்சியம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா காப்பு அவுத்த மறுநாள் நானே ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிட்டுப் போயிருப்பேனே ஏட்டையா. இவ்வளவு தூரம் வந்திருக்குமா?" என்றார். ஏட்டு, "தப்புதாங்கம்மா" என்றார். அன்று அந்தக் கோர்ட்டில் மன்னிப்புக் கேட்டது அவர் ஒருவர்தான்.

"எதிரி வந்திருக்காங்கல்ல, வழக்கையும் இப்பவே கூப்பிடுங்க" என்றார் நீதிபதி.

ஆள் கண்ணெதிரே நின்றாலும் வாசலுக்குப் போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கோர்ட்டு முறை. மூன்று தடவை கூப்பிட வேண்டும், மூன்று தடவைக்கும் பதில் இல்லையென்றால் ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். கோர்ட் சேவகரான டவாலி வாசலுக்குப் போனார். மூச்சை இழுத்துக்கொண்டு, "கொளஞ்சி..." என்று ஆரம்பித்தார்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றார் கொளஞ்சியம்மாள்.